எந்தச் சுவரில்

செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது.
இருபத்தைந்து இசைத்தட்டுகள்.
அட்டையில் ஒரு சலவைக்கடை,
கதவில் 'மூடியிருக்கிறது' என்ற பலகை,
உள்ளே விளக்கு எரிகிறது.
'பாட்டம்லேண்ட் லாண்ட்ரி'யின் இரண்டாவது ஆல்பம்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம்,
போஸியர் சிட்டிக்காரர்கள்.
ஸ்டீல் கிட்டார் வாசிக்கும் வெண்டல் பியூரிஃபாய்
எனக்கு இன்னும் பதினோரு டாலர் பாக்கி.

ஷ்ரீவ்போர்ட்டில் என் கடைக்கு மூன்று சுவர்.
நான்காவது கண்ணாடி, அதில் ஜூலை வெயில்.
எனக்கு முன் கடை நடத்திய ஹப்பர்ட்
சுவருக்கொரு பலகை அடித்துவிட்டுத்தான் செத்தார்:
கன்ட்ரி. ஜாஸ். சோல்.
ஆணி நான்கு அங்குலம்.
பிடுங்கினால் சுண்ணாம்பும் சேர்ந்து வரும்.

பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன்.
ஜாஸ் சுவருக்கு ஒரு பல்டாக்டர்.
கன்ட்ரி சுவருக்குத் தொப்பி கழற்றாத ஒருவர்,
பெயர் கேட்டதில்லை.
சோல் சுவருக்கு மிஸஸ் டுப்ரீ,
தேவாலயக் கையுறையோடு.
மூன்று சுவருக்கும் மூன்று முதுகு.
கதவருகே மட்டும்
'மன்னிக்கணும்' என்று ஒதுங்கிக்கொள்வார்கள்.

சரி, இதை எங்கே வைப்பது?
ஒன்றைப் பிரித்து ஓடவிட்டேன்.

முதல் பாட்டு கன்ட்ரிதான், சந்தேகமே இல்லை.
நின்றுபோன டிராக்டர், பாங்கிலிருந்து கடிதம்,
வெண்டலின் கம்பி
எண்ணெய் கசிகிற மாதிரி மெல்ல வழிகிறது.
தட்டுகளை அள்ளிக்கொண்டு
கன்ட்ரி சுவர் வரை போய்விட்டேன்.
அப்போது நுழைந்தது
க்ளியோஃபஸ் ட்ரூவின் சாக்ஸபோன்,
துக்க வீட்டுக்குப் பிந்தி வந்தவன்
எந்த நாற்காலி என்று தெரியாமல் நிற்பதுபோல.
பிறகு அவனே
இறந்தவரைப் பற்றி
வீட்டார் அறியாத ஒரு கதையைத் தொடங்கினான்.
டிராக்டர் கிடக்கட்டும் என்று
டிரம்ஸ் வேறு வழியில் நடந்தது.
கைநிறையத் தட்டோடு
கடை நடுவில் நின்றேன்.

நாலாவது பாட்டில் ஆர்ஸெல்லா கேட்லின்.
பகலில் நீதிமன்றத்தில்
விவாகரத்துக் காகிதங்களுக்கு முத்திரை குத்துகிறவள்.
பாட்டு முழுக்க ஒரே சொல்:
இரு.
முதல் தடவை கணவனிடம், கார் சாவியைப் பிடித்தபடி.
அடுத்தது, அவன் போன பிறகு, நாயிடம்.
மூன்றாவது யாரிடம் என்று தெரியவில்லை.
ஸ்டீல் கம்பி மேலே ஏறுகிறது,
சாக்ஸபோன் கீழே இறங்குகிறது,
குறுகிய மாடிப்படியில்
ஒருவர் தோளை ஒருவர் உரசிக் கடக்கிறார்கள்.
அவள் இழுக்கிறாள், இழுக்கிறாள்,
மூச்சு தீர்ந்த பின்னும்
அந்த உயிரெழுத்து மட்டும்
மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஏழாவது பாட்டு வீண்.
மூன்றையும் கலக்கியே தீருவது என்று
கரண்டியோடு நிற்கிறார்கள்;
ஒன்றும் வேகவில்லை.
பாக்கி கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

கடைசிப் பாட்டு முடிந்தும் ஊசி எழவில்லை.
யாரோ இருமுகிறார்கள்.
நாற்காலி நகர்கிறது.
'போகும்போது விளக்கை அணைச்சிடுங்க,'
இது ஆர்ஸெல்லா.
காத்திருந்தேன்.
யாரும் அணைத்த சத்தம் கேட்கவில்லை.

அப்புறம் கணக்குப் போட்டேன்.
சுவருக்கு எட்டு.
மிச்சம் ஒன்று, நான் பிரித்தது.
அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில்,
யாரோ மறந்துபோன குடைக்கும்
ஒற்றைக் கம்மலுக்கும் நடுவில் சாய்த்துவைத்தேன்.

சனிக்கிழமை மூவரும் வந்திருந்தார்கள்.
தத்தம் சுவரில் விரல்கள்
அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தன.
நாலாவது பாட்டில் ஊசியை இறக்கினேன்.
மூன்றாவது 'இரு' வந்தபோது
புரட்டுகிற சத்தம் நின்றது.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை,
அதைப் பொய்யாக எழுத மாட்டேன்.
ஆனால் தொப்பிக்காரருக்கு பஸ் நேரம் தாண்டிவிட்டது,
மிஸஸ் டுப்ரீ ஒரு கையுறையைக் கழற்றினாள்,
பல்டாக்டர் வாயைத் திறந்தபடி நின்றார்,
அவரிடம் வருகிறவர்கள் மாதிரி.

திங்களன்று வெண்டல் வந்தான்.
எந்தச் சுவரில் இருக்கிறோம் என்றான்.
தேடிக்கோ என்றேன்.
ஐந்து டாலர் வைத்தான்.
மீதி ஆறு அடுத்த ஆல்பத்துக்கு என்றான்.
ஏழாவது பாட்டைப் பற்றி
ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டேன்.