விடுபட்ட புள்ளி

சாரெமா தீவின் பால் கூட்டுறவில்
இரவு மணி ஒன்று நாற்பது.
பழைய நகல் ஒன்றைத்
துடைத்துப்போட உட்கார்ந்தாள் மாரிகா.
சாய்கோட்டுக்கு முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.
விரல் வைக்கவில்லை.

எழுத்தில் புள்ளி போனால்
மெய்மேல் உயிர் ஏறும்.
இங்கே புள்ளி போனது,
உயிரும் போனது.

நகல் அப்படியே இருக்க
அசல் அழிந்தது. கருவிகள் குடியிருந்த அடைவு முழுக்க:
பட்டியல் காட்டுவது, படியெடுப்பது, தேடித் தருவது.
நடுவில் எங்கோ
அழிக்கும் கருவி தன் பெயரையும் அழித்துவிட்டு
நிற்காமல் மேலே போயிற்று.

பட்டியல் கேட்டாள். அப்படியொரு கட்டளை இல்லை.
நான் யார் என்று கேட்டாள். இல்லை.
தேதி. இல்லை.
தேதிகூடவா?

சுவருக்கு அப்பால் குளிர்தொட்டி
மூன்று டிகிரியில் முனகிக்கொண்டிருந்தது.
முன்பே நினைவகத்தில் ஏறிவிட்ட நிரல்
தன் வீடு இடிந்தது தெரியாமல்
வேலை பார்த்தது.
ஐந்து மணிக்கு லாரி வரும்.
லேபிள் இல்லாத பாலை லாரி ஏற்றாது.

வோருவில் கவ்போ தூக்கத்தோடு போனை எடுத்தான்.
முதல் கேள்வி:
"சன்னல் திறந்திருக்கிறதா?"
"வெளியே மைனஸ் பதினொன்று, கவ்போ."
"கருப்புச் சன்னலைச் சொல்கிறேன். திரையில்.
மூடிவிடாதே.
மூடினால் உள்ளே போக வேறு வாசல் இல்லை."

அந்தச் சன்னலுக்குக் கூடப்பிறந்த சொற்கள் சில
மிச்சம் இருந்தன.
வாசிக்க ஒன்று, அச்சிட ஒன்று,
சொன்னதைத் திருப்பிச் சொல்லும் எக்கோ.
எக்கோவுக்குப் பக்கத்தில்
ஒரு நட்சத்திரம் போட்டாள்.
விளக்கணைந்த கப்பலில் பெயர் கூப்பிட்டு
ஆள் எண்ணுவதுபோல
இருக்கிற ஃபைல்கள் எல்லாம்
ஒரே வரியில், மூச்சு விடாமல், வந்து விழுந்தன.

கவ்போவிடம் இதே வயதில் ஓர் இரட்டை இயந்திரம்.
"ஒரு ஃபைல் போதும்," என்றான்.
"அதற்குள் முந்நூறு கருவி மடித்து வைத்திருக்கிறது."
கம்பி வழியே ஊற்றினான்.
ஏந்திக்கொள்ளப் பாத்திரம் இல்லை.
சுழியம் வரும் இடமெல்லாம் வாசிப்பு நின்றது.
நின்ற இடத்தில் ஒரு சுழியம் வைத்து
மறுபடி வாசி என்றாள்.
முதல் தடவை பாதியில் அறுந்தது.
இரண்டாவது, எழுத்துக்கள் குழம்பின.
மூன்றாவது வந்து சேர்ந்தது.

வந்ததே தவிர, ஓடாது.
ஓட அனுமதி வேண்டும்.
அனுமதி தரும் கருவியும்
போனவற்றில் ஒன்று.

நான்கு நிமிடம் இருவரும் பேசவில்லை.
அவன் வீட்டுக் கெட்டில் கொதிப்பது
அவளுக்குக் கேட்டது.

"இல்மார் ஒன்று எழுதினானே," என்றாள்,
"தயிர் டப்பாவுக்கு லேபிள் அடிக்க.
ஆறு வருடமாய் யாரும் தொட்டதில்லை.
அது வேறு அடைவில் கிடக்கிறது.
அதற்கு அனுமதி உண்டு."

இல்மாரின் வரிகள்மேல் கொட்டினாள்.
உள்ளிருந்தது போயிற்று, உரிமை நின்றது.
தயிர் டப்பா என்ற பெயரில்
முந்நூறு கருவிகள் எழுந்தன.
தயிர் டப்பாவிடம் பட்டியல் கேட்டாள்.
கொடுத்தது.
தேதி கேட்டாள்.
பிப்ரவரி, வியாழன், மூன்று ஐம்பத்திரண்டு.
அழுகை வந்தது தேதிக்குத்தான்.

அப்புறம் வெறும் காத்திருப்பு.
அடைவு மொத்தமும் வோருவிலிருந்து
ஊர்ந்து வந்து தன் இடத்தில் அமர்ந்தது.
லேபிள் இயந்திரம் ஒருமுறை இருமியது,
பிறகு அடிக்கத் தொடங்கியது.

லாரியில் ஏறாமல் நின்றிருந்தான் ஹெய்கி,
மீசையில் பனி.
"ஏன் இருபது நிமிடம்?"
"ஒரு புள்ளி."
"கொழுப்பிலா?"
ஆமாம் என்று தலையாட்டி
ரசீதை நீட்டினாள்.

எல்லாம் சரியான பின்னும்
கருப்புச் சன்னலை அவள் மூடவில்லை.
சனிக்கிழமை வரை அது அப்படியே திறந்திருந்தது.
ஒட்டடை தட்ட வந்தவளிடம்கூடச் சொன்னாள்,
அந்தப் பக்கம் கை வேண்டாம்.