கழிவறை எந்தப் பக்கம்

நாளுக்கு நாற்பது முறையாவது
என்னிடம் கேட்கப்படும் கேள்வி இதுதான்.
ஓவியத்தைப் பற்றி
எப்போதாவது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்கும்.
கறுப்புச் சட்டை, காதில் கம்பி,
சுவரோரம் ஒரு நாற்காலி.
"நேரே போய் வலது" என்பேன்.

கட்டடம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது.
அது பிறந்ததே இந்தக் கேள்விக்குத்தான்.
இருபத்தொன்பதாம் ஆண்டு
கிரேக்கத் தூண்களை வரிசையாக நட்டு
முனிசிபல் ஆபீஸ் என்று பெயரும் வைத்துவிட்டு
உள்ளே உட்கார்ந்து பேசியதெல்லாம்
சாக்கடையின் சரிவு,
குழாயின் விட்டம்,
எந்தச் சந்தில் எத்தனை வாளி.

தூண்கள் பதினெட்டாம்.
நான் எண்ணத் தொடங்கினால்
பத்தாவதில் ஒரு பேருந்து வந்து நின்றுவிடும்.

கொடி மாறிய வருடம்
கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பினார்கள்.
சாக்கடை பழைய நேரத்திலேயே ஓடியது.
பிறகு இதே மாடியில், நீள மேசையில்,
தோற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.
எதிர்த்திடலில் கூட்டம், முழக்கம்.
அதே திடலில் பின்னொரு ஜூன் இரவு
இன்னும் பெரிய கூட்டம்,
"மெர்டேக்கா!"
அதற்குப் பிறகு
நகரமே நாடாகிவிட்டதால்
நகர மண்டபத்துக்கு வேலை போய்விட்டது.
ரயில் நிலையத்துக்கு மட்டும் பெயர் மிச்சம்.

மதியம் கூட்டம் குறைகையில்
பேச்சிமுத்து என்றொருவனை உண்டாக்கிக்கொள்வேன்.
கால்வாய் கூட்டும் ஆள். பதிவேட்டில் தேடாதீர்கள், இருக்கமாட்டான்.
பிடித்தம் செய்த இரண்டு நாள் கூலியைக் கேட்க வந்திருக்கிறான்.
படியேறாதே, பின்பக்கம் போ என்கிறார்கள்.
பின்பக்கம் மூன்று மணி நேரம் நிற்கிறான்.
ஊர் மூத்திரம் மொத்தமும் போகும் வழி
அவனுக்கு மனப்பாடம்.
கடைசியில் பியூனிடம், கூச்சத்தோடு,
இதே கேள்வி.

பியூன் என்ன சொல்லியிருப்பான் என்பதில்
நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

நேற்று ஞாயிறு.
வெளியே மழை. தோள் நனைந்த ஒருவர்,
பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு,
காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
கண்ணாடிக் கதவருகே நின்றார்.
"அக்கா, உள்ள வரலாங்களா?
அர்ஜென்ட்டு."
அறையில் இரண்டு கோடி வெள்ளிக்குப் படங்கள்.
நாற்காலியை விட்டு எழக்கூடாது என்பது விதி.

செருப்பைப் போட்டுக்கங்க தம்பி, தரை சில்லுன்னு இருக்கும்
என்று சொல்லிக்கொண்டே
முன்னால் நடந்தேன்.