பதினாறாம் நம்பர் முள்

வாட்டுமாடியில் எரிந்துபோன காற்றாடி மோட்டாரைப் பிரிக்கும்போது
கொஞ்சம் கம்பியைச் சட்டைப்பைக்குள் சுருட்டிக்கொள்வேன்.
செம்பு. தலைமயிர்க் கனம்.
ஸ்டோர் கணக்கில் அது கழிவு,
என் கணக்கில் முப்பது பூச்சி.

ராத்திரி கரண்ட் இருந்தால்
தையல் மிஷின் ஓரத்தில் கடை விரிப்பேன்.
மூக்கு ஒடிந்த குறட்டின் வாயில் முள்ளைக் கொடுத்து
கைப்பிடியில் ரப்பர் வளையம் மாட்டினால்
அதற்குப் பெயர் வைஸ்.
எஸ்தர் ஜாக்கெட் தைத்து மீந்த பழுப்பு நூல்.
மார்புக்கு, என் குரங்குக்குல்லாவில் சுரண்டிய கம்பளிப் பஞ்சு.
வாலுக்குச் சேவல் இறகில் மூன்று இழை.
நாலு வைத்தால் மீனா எண்ணப்போகிறது என்பாள் எஸ்தர்.
நான் எண்ணுவேன்.

ஓடையில் எந்தக் கல்லைப் புரட்டினாலும்
அசல் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்,
வயிற்றோரம் செவுள்கள் துடிதுடிக்க.
பறக்கப்போவது ஒரே ஒரு நாள்.
அந்த நாளில் அதற்குத் தின்ன வாயும் கிடையாது.
தின்றது வளர்ந்தது எல்லாம் கல்லுக்கடியில், ஒரு வருஷம்.
ட்ரவுட்டுக்கு இது தெரியும்.
மேலே பறப்பதை அது எப்போதாவதுதான் பார்க்கும்.

ஞாயிறு. புல்லில் இன்னும் உறைபனி.
தேவிகுளத்துக்கு மேலே, சோலை முடியும் வளைவில்
வாச்சர் பினோய் பாஸை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தான்.
"ரெண்டெண்ணம் மதி, கேட்டோ."
ஒன்று போதும் என்றேன். ஒன்றுகூடக் கிடைக்காத ஞாயிறுகள்
அவனுக்குத் தெரியாததல்ல.

மேலேற்றி எறிய வேண்டும்,
பிறகு தண்ணீர் கொண்டுவருவதைக் கெடுக்காமல் நிற்க வேண்டும்.
நூல் வரும், வரும்,
நிற்கும்.
கல்லா மீனா என்று யோசித்தால் அது மீன்,
போய்விட்ட மீன்.
அன்று யோசிக்கவில்லை.

முழங்கை நீளம். விலாவில் ரோஜா நிறப் பட்டை.
வாயோரத்தில் என் முள்.
அதற்கு ஒரு விரல்கடை தள்ளி
இன்னொன்று,
துருவேறி, தசை மூடி, பச்சை நூல் மட்டும் வெளியே தெரிய.
சுற்று இடப்பக்கம் போயிருந்தது.

இந்த மலையில் நொட்டாங்கையால் பூச்சி கட்டுகிறவன் ஒருவன்தான்.
பாய்லர் சூசைமாணிக்கம்.
குழாய் உள்ள கடைசி வீடு எனக்கு வந்த நாளிலிருந்து
ஏழு வருஷமாக
எங்களுக்குள் கரும்பலகைதான் பேச்சு.
வால்வு கசிகிறது. பார்த்தாயிற்று. பெல்ட் மாற்று.

எஸ்தர் மிளகு அரைத்துத் தடவிப் பொரித்தாள்.
நான் அவன் முள்ளைக் குறட்டில் மாட்டி
ஊசியால் பிரித்தேன்.
நூலுக்கடியில் பஞ்சு,
பஞ்சுக்கடியில்
மினுக்கென்று ஈயத்தாள்,
பழைய தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்குமே, அது.
அடப்பாவி.
அதனால்தான் அவன் பூச்சி தரையைத் தடவிப் போகிறது,
என்னுடையது இடுப்பளவில் மிதக்கிறது.
மீன் ஆறிவிட்டது என்று இரண்டு முறை கூப்பிட்டாள்.

திரும்பக் கட்டிப் பார்த்தேன், அவன் பக்கமாகச் சுற்றி.
என் கை அதற்குப் பழகவில்லை.
நாலாவது சுற்றில் நூல் அறுந்தது.

திங்கள் காலை பாய்லர் ரூம்.
அழுத்தமானியைப் பார்த்தபடி நின்றிருந்தான்.
சாக்பீஸை எடுத்தேன், வைத்துவிட்டேன்.
"ஈயம் எத்தனை சுற்று?"

முள் நூறைத் தொடும்வரை அவன் திரும்பவில்லை.
பிறகும் திரும்பாமலே,
"தண்ணியப் பொறுத்து."

அவ்வளவுதான் அன்றைக்கு.
அவனுக்கென்று கொண்டுபோன செம்புச் சுருள்
சாயங்காலம் வரை என் பையிலேயே கிடந்து
தொடையைக் குத்திக்கொண்டிருந்தது.