ஐந்து கயிறு

கள்ளநோட்டு பார்க்கிற விளக்கை
வங்கியிலிருந்து வீட்டுக்கு எடுத்துவருவது தப்பு.
சனிக்கிழமை கைப்பைக்குள் வரும்,
திங்கள் காலை கவுண்டருக்குப் போய்விடும்.
மேலாளருக்குத் தெரியும். எதற்கென்று தெரியாது.

கல்மண்டபம், மாடி அறை.
ஜன்னலுக்குப் போர்வை கட்டிவிட்டு
மேசையில் பரப்புகிறேன்
பதினேழு இறக்கைச் சின்னங்கள்.
உள்ளங்கைக்குள் அடங்கும் துணி,
இரண்டு பக்கமும் சிறகு, நடுவில் பாராசூட்.
விமானத்திலிருந்து குதித்த பையன்கள்
சட்டையில் தைத்துக்கொண்டது.

சீமைச் சரக்கு கப்பலில் வந்து சேரவில்லை,
வந்ததும் போதவில்லை.
ஏதோ ஒரு பட்டாள முகாம் வாசலில்
மெஷின் போட்டிருந்த தையல்காரர்
ஒன்று இத்தனை அணா என்று தைத்துக் கொடுத்தார்.
பாராசூட்டை அவர் கண்ணால் கண்டதில்லை.
சொல்லக் கேட்டுத் தைத்தார்.

அதனால்தான் ஒன்றில் அது குடை,
வளைந்த கைப்பிடியோடு.
ஒன்றில் காசிமேட்டு வலையில் ஏறும் சொறிமீன்.
ஒன்றில் பாதிப் பூசணிக்காய்.
சிறகு கழுகுடையதாக இருக்க வேண்டும் என்றிருப்பார்கள்;
தைத்த கைக்குத் தெரிந்தது கோழி.
ஏழாவதில் கயிறு ஐந்தே ஐந்து.
ஐந்து கயிற்றை நம்பி
எவன் குதித்தானோ.

பெங்களூர்க்காரர் ஒருவர் போனில் சொல்வார்:
"உங்ககிட்ட இருக்கிறது எல்லாமே தப்புத் தப்பா இருக்கே மேடம்."
ஆமாம் சார்.
சரியாக இருப்பதை யார் வேண்டுமானாலும்
எம்.சி. ரோட்டுப் பின்சந்தில்
கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போட்டு
டீத்தண்ணீரில் ஊறவைத்து விற்றுவிடலாம்.
ஆனால் விளக்குக்குக் கீழே அந்த நூல் நீலமாக எரியும்.
பழைய பருத்தி கம்மென்று கிடக்கும்.

போன வாரம் பதினெட்டாவது.
பெரம்பூரில் வீட்டைக் காலிசெய்துகொண்டிருந்த
மெர்வின் ரொசாரியோ பிஸ்கட் டப்பாவோடு கொடுத்தார்.
பொத்தான்கள், அறுந்த ஜெபமாலை, ஓட்டைக் காலணா,
அடியில் இது.
"எங்க டாடிது இல்ல. அவரு ஃபயர்மேன்.
இன்ஜின்ல ஏறவே கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்குவாரு."
பிறகு யாருடையது?
"மம்மிகிட்ட இருந்துச்சு."
எண்ணூறு கேட்டார். பேரம் பேசவில்லை.

விளக்கைக் காட்டினேன்.
இடது சிறகு இருட்டு. பாராசூட் இருட்டு.
வலது நுனியில் மட்டும்
நீலமாகக் கொஞ்சம் மின்னியது.

ஏமாந்துவிட்டேன் என்று திருப்பினால்
பின்பக்கம், துணி விறைக்க ஒட்டிய பத்திரிகைத் துண்டு:
'...ணெண்ணெய்ப் பங்கீடு வியாழக்கிழமை முத...'
அந்தக் காகிதத்தையும் குத்திக்கொண்டு போகிறது புது நூல்.
பத்துப் பன்னிரண்டு தையல்,
பொடிப்பொடியாக, நெருக்கமாக.
தொழில்காரர் இவ்வளவு நூல் செலவழிக்க மாட்டார்.
இது ரவிக்கைக்கு ஹூக் வைத்துப் பழகின கை.

டெரிகாட்டன் காலத்து நூல்.
யுத்தம் முடிந்து இருபது வருஷமாவது ஆகியிருக்கும்.
புருஷன் ஷிஃப்டுக்குப் போன மத்தியானம்
ஒருத்தி டப்பாவைத் திறந்து
பிரிந்துவந்த சிறகைத் திரும்பத் தைத்திருக்கிறாள்.
மத்தியானம் என்பது நானாகக் கட்டியது.
நூல் அதைச் சொல்லவில்லை.

"ரிப்பேர் ஆனதுன்னா பாதி விலைதான்" என்கிறார் பெங்களூர்க்காரர்.
விற்பதாக நான் சொல்லவே இல்லை.
விளக்கை அணைக்கும் முன் பார்த்தேன்:
என் நைட்டியின் ஓரம், தலையணை உறை,
சோப்புத்தூள் கண்ட துணியெல்லாம் நீலம்.
நகம்கூட.

திங்கட்கிழமை.
ஈரம் காயாத நூறு ரூபாய்க் கட்டை
கண்ணாடிக்குக் கீழே தள்ளுகிறாள் மீன் ஏலக்காரி அஞ்சலை.
அறுபத்து மூன்றில் என் விரல் நின்றுவிட்டது.
பதினெட்டாவதில் எத்தனை கயிறு?
எண்ணவே இல்லை.

"இன்னா மேடம், கொறையுதா?"

இல்லை என்று தலையாட்டி
ஒன்றிலிருந்து மறுபடி.