பதினோரு நிமிடம்

மேட்டுத் தெரு முக்கில் என் மைக்செட் கடை.
ஆறு குழாய், இரண்டு ஆம்ப்ளிபயர்,
அதில் ஒன்று சூடானால் அழும்.
காளியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கும்
பள்ளிவாசல் ரமலான் பயானுக்கும்
கட்டுவது அதே குழாய்தான்.
அங்கே அதன் வாய் கிழக்கே, இங்கே மேற்கே.
மற்றபடி அதற்கு ஒன்றும் தெரியாது.

கல் விழுந்த வருஷம்
முளைப்பாரி திரும்பிக்கொண்டிருந்தது.
யார் எறிந்தது என்பதற்கு
இன்றுவரை இரண்டு பதில் இருக்கிறது.
தமீமுக்கு நெற்றியில் ஏழு தையல்.
பேச்சிமுத்து ஆட்டோவுக்குக் கண்ணாடி போச்சு.
பிறகு தாலுகா ஆபீஸில் அமைதிக் கூட்டம்:
பட்டர் பிஸ்கட், ஆறிய டீ,
"தாயா பிள்ளையாப் பழகுறோம் சார்" என்று
இரு தரப்பும் கையெழுத்து.
வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது
ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.
எனக்கு இரண்டு பேரும் வாடகை பாக்கி.
அந்த ஒற்றுமையைப் பற்றி
கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

அடுத்த பங்குனி நோன்போடு சேர்ந்து வந்தது.
கோயில் கணக்குப் பார்க்கும் இருளாயி அக்கா
கடை ஸ்டூலில் உட்கார்ந்து நேராகக் கேட்டாள்:
"அவங்க நோன்பு திறக்கிறது எத்தனை மணிக்கு?
சுமாரா வேண்டாம், சரியாச் சொல்லு."
ஜமாஅத் காலண்டரைப் பார்த்து
ஆறு முப்பத்திரண்டு என்றேன்.
"எம்புட்டு நேரம் ஆகும்?"
செயலாளர் காஜா நஜ்முதீனுக்குப் போன் போட்டு
அக்கா கையிலேயே கொடுத்தேன்.
பேரீச்சம்பழம், கஞ்சி, தொழுகை,
இருபது நிமிஷம் என்றார் அவர்.
கொட்டுக்கு மணிக்கணக்கில் கூலி,
எட்டுக்கு மேல் தாங்காது என்றாள் அக்கா.
கத்தரிக்காய் பேரம் மாதிரி இழுத்து இழுத்து
பதினொன்றில் முடிந்தது.
பழைய கல்யாணப் பத்திரிகை முதுகில் எழுதி
ஆம்ப்ளிபயர் மேல் ஒட்டினேன்.
அதில் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

முதல் வருஷம் சரியாக வரவில்லை.
நாலாவது நிமிஷம் புதுப் பையன் ஒருத்தன்
உறுமியை ஒரு இழு இழுத்துவிட்டான்.
தெரு மூச்சைப் பிடித்தது.
எந்த ஒயரைப் பிடுங்குவது என்று தெரியாமல் நான் நின்றேன்.
பள்ளிக்குள்ளிருந்து ஓர் இருமல் வந்தது.
அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான்
எங்கள் தெருவின் சத்தம் என் காதில் விழுந்தது:
குக்கர் விசில், மாடியில் பதினாறாம் வாய்ப்பாடு,
தப்பைக் காய்ச்சும் வைக்கோல் தீயின் படபடப்பு,
முனிச்சாலைப் பக்கம் திரும்பும் பஸ்ஸின் பிரேக்.
முப்பது வருஷமாக
இதை மூடித்தானே சம்பாதித்திருக்கிறேன்.

தொழுகை முடிந்ததும்
பள்ளி வாசல் டியூப்லைட் ஒருமுறை அணைந்து எரியும்.
அதுதான் அடையாளம்.
மூன்றாம் வருஷம் கரண்ட் போனது.
டீசல் வாங்கப் போனவன் திரும்பவில்லை.
பதினொன்று தாண்டியது, பதிமூன்று தாண்டியது.
குச்சியை ஓங்கிய கைகள் ஓங்கியபடி.
"லைட் வரட்டும்" என்றார் கொட்டுக்காரர்.

இருட்டுக்குள்ளிருந்து தமீம் வந்தான்,
தையலுக்குப் பிறகு இந்த முக்குக்கே வராதவன்.
யாரையும் பார்க்காமல், காற்றிடம் சொன்னான்:
"முடிஞ்சிருச்சு. அடிங்க."
திரும்பி நடந்தான்.
சாக்கடை மூடி உடைந்த இடம் வரும்போது
பேச்சிமுத்து செல்போன் வெளிச்சத்தை
அவன் காலுக்கு முன்னால் அடித்தான்,
அவன் தாண்டும்வரை.
அவர்கள் இன்றும் பேசிக்கொள்வதில்லை.

இந்த வருஷம் பிறை முந்திக்கொண்டது.
பொங்கலுக்கு முன்பே பெருநாள் முடிந்துவிட்டது.
ஆறு முப்பத்திரண்டுக்குக் கொட்டு தானாக நின்றது.
"எதுக்குப்பா நிப்பாட்டுனீங்க?" என்றாள் அக்கா.
கொட்டுக்காரர் கையை உதறிக்கொண்டார்:
"பழகிருச்சு."
அக்கா வாட்சைப் பார்த்தாள்.
கூலி ஓடிக்கொண்டிருந்தது.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
மாடியில் யாரோ
பதினேழாம் வாய்ப்பாட்டில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள்.