ஐந்நூற்று ஒன்று

கடலூர் மஞ்சக்குப்பத்தில்
கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில்
ஒற்றை ஷட்டர் அகலத்தில்
பதினோரு வருஷமாக ஜெராக்ஸ் போடுகிறேன்.

இந்த ஊரில் யார் எவ்வளவு என்று
என் கண்ணாடிக்குத் தெரியும்.
வருமானச் சான்று, சாதிச் சான்று,
பத்தாவது மார்க், பட்டா, சம்பளச் சீட்டு,
எல்லாம் அதன்மேல் குப்புறப் படுத்துக்
காதோடு சொல்லிவிட்டுப் போகும்.
பச்சை வெளிச்சம் ஒருதரம் போய்வரும்.
அதற்குள் கூட்டிக் கழித்து
என்னைக் கீழே வைத்துவிடுவேன்.
கேட்பாரில்லை. கை பழகிவிட்டது.

வடலூர் மண்டபத்தில் காதுகுத்து.
சகலை திருஞானம் என்.எல்.சி.யில் பர்மனென்ட்.
கெட்டவராய் இருந்திருந்தால் சௌகரியம்.
"வாங்க தம்பி" என்று எழுந்து
தன் நாற்காலியையே கொடுத்தார்.
உட்கார்ந்தேன்; அவர் சூடு இருந்தது அதில்.
மைக்கில் மொய் வாசித்தார்கள்.
அவர் பெயருக்கு ஒரு சவரன்.
என் பெயருக்கு ஐந்நூற்று ஒன்று.
அந்த ஒன்றை
அழுத்திப் படித்தான் பாவி.
அஞ்சலாட்சி இலையைப் பார்த்தே சாப்பிட்டாள்.
நான் பாயசத்தில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தேன்,
வெகுநேரம்.

அதிலிருந்துதான் என்று சொல்ல முடியாது.
ஆடியில் ஒருநாள் ஷட்டர்
இடுப்பு உயரத்தோடு நின்றுவிட்டது.
எண்ணெய் விட்டால் போகும்.
விடவில்லை.
குனிந்தே உள்ளே போனேன்,
குனிந்தே வெளியே வந்தேன்,
புரட்டாசி வரை.
சோறு மண்ணாக இருந்தது.
விடியற்காலை மூன்று மணிக்கு
சிப்காட் வாடை ஜன்னலில் ஏறும்.
விழித்துக் கிடந்து
யார் யாரோ அங்கே
பர்மனென்ட் ஆகிக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொள்வேன்.

பிரியாணிக் கடை வாசலில் இரண்டு நாய்.
பெரியது பல்லைக் காட்டியது.
சின்னது மல்லாந்து வயிற்றைக் காட்டியது.
சண்டை முடிந்தது. கடிபடாமல் பிழைத்தது.
கொஞ்ச நேரத்தில் எழுந்து உதறிக்கொண்டு
எலும்பு தேடப் போய்விட்டது.
அதைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
எழுந்ததை.
எனக்கு மல்லாக்கப் படுக்கத் தெரியும்.
எழுந்திருக்கும் பக்கத்தை
யாரோ பிரதியெடுக்க மறந்துவிட்டார்கள்.

அஞ்சலாட்சிதான் ஜிப்மருக்குப் பஸ் ஏற்றினாள்.
அக்காவிடம் போனில் "வயித்து வலி" என்றாள்.
முள்ளோடையில் பாதி பஸ் இறங்கியது, குடிக்க.
பதிவுச் சீட்டுக்கு ஆதார் நகல் கேட்டார்கள்.
கேட்டருகே ஒரு கடையில்
இரண்டு ரூபாய் கொடுத்து
என் முகத்தை எடுத்துக்கொண்டேன்.
டோனர் தீர்ந்த மிஷின்.
நான் போட்டிருந்தால்
இன்னும் நன்றாக விழுந்திருப்பேன்.

மனநலப் பிரிவு வரிசையிலும் புத்தி விடவில்லை.
முன்னால் பாகூர்க்காரர், மகனைக் கொடுத்தவர்.
அவருடையது கெஜட்டட் துக்கம்.
என்னுடையது தினக்கூலி.
பின்னால் வந்தவர்களுக்கெல்லாம்
இடம் விட்டுக் கடைசியில் நின்றேன்.
"எவ்வளவு நாளா?" என்றார் டாக்டரம்மா.
வயதில் என் தங்கச்சிக்கும் சின்னவர்.
"பதினோரு வருஷம்" என்றது வாய்.
எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.
அப்படி யாரும் பார்த்து
ரொம்ப நாளாயிற்று.
அழவில்லை. மூக்கு ஒழுகியது.

மாத்திரை பிடிக்க மூன்று வாரமாம்.
இது இரண்டாவது.

இன்று ஷட்டர் நெஞ்சு வரைக்கும் ஏறியது.
சீருடையில் ஒரு பெண்
மார்க் ஷீட்டைக் குப்புறவே நீட்டினாள்.
"பாக்காமப் போடுங்கண்ணா."
மூடியை இறக்கினேன்.
கண்ணையும் மூடிக்கொண்டேன்.
வெளிச்சம் இமைக்கு வெளியே
ஒருதரம் போய்வந்தது.
தாள் சூடாக விழுந்தது.
மடித்துக் கொடுத்தேன்.

அவள் எவ்வளவு என்று
எனக்குத் தெரியாது.
சில்லறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.