சாய்கோடு

என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில்
ஏ/பி என்று ஒன்று நிற்கும்.
அந்தச் சாய்கோட்டை வங்கிப் படிவம் ஏற்காது.
விமான டிக்கெட் அதை விழுங்கிவிட்டு
இன்பவல்லிஏபிசன்னாசி என்று துப்பும்.

ஒன்பது வருடம் முன்னால், பாயான் லெப்பாஸில்,
இரவு ஷிப்ட் முடிந்து பஸ் வராத
நாற்பது நாற்பது நிமிடங்களைச் சேர்த்து
இருநூற்றுப் பன்னிரண்டு வரி எழுதினேன்.
கோட்டைக் கோடாகவே விடும் நிரல்.
யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து போட்டேன்.
அந்த உரிமத்தின் கடைசிப் பத்தி
முழுக்கப் பெரிய எழுத்தில் கத்தும்,
உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று.
தமிழில் பெரிய எழுத்து இல்லை.
நான் சொன்னால் மெதுவாகத்தான் கேட்கும்.

எடுத்துக்கொண்டார்கள்.
யார் யார் என்று தெரியாது.
தீவில் தண்ணீர் நின்ற நான்கு நாளில்தான்
அடுக்குமாடியில் எத்தனை வாளி என்று தெரிந்தது,
அதுபோலப் பிழை வந்த வாரம் தெரிந்தது.
புதிய அட்டை வாசிப்பான்கள்
வேறொரு சாய்கோட்டை அனுப்புகின்றன.
கண்ணுக்கு ஒன்றுதான். உள்ளே எண் வேறு.

கோலாலம்பூரிலிருந்து ஒரு கம்பெனி எழுதியது:
அவசரம். வெள்ளிக்குள் சரிசெய்யவும்.
வெள்ளி என்று அவர்கள் சொன்னது கிழமையை.

உரிமத்தை மாற்று, சம்பாதிக்கிறவன் கட்டட்டும்
என்றான் ஹஃபீசுதீன், அலோர் ஸ்டாரிலிருந்து.
பூட்டினால் பெரியவன் நகலெடுத்துக்கொண்டு போவான்,
சின்னவன்தான் வாசலில் நிற்பான்
என்றாள் மியூ லிங்.
இரண்டு பேர் சொன்னதும் சரி.
இரண்டு பேரும் அந்த வாரம்
ஒரு வரி எழுதவில்லை.

பிறகு ஒரு திருத்தம் வந்தது.
எழுதியது மனிதர் இல்லை.
உங்கள் அருமையான பணிக்கு நன்றி என்று தொடங்கி,
தேவையற்ற குறியீடு ஒன்றை நீக்கியிருக்கிறேன்,
சோதனைகள் யாவும் தேறிவிட்டன என்றது.
திறந்து பார்த்தேன்.
நீக்கியது சாய்கோட்டை.
அதனால் தேறாமல் போன பதினேழு சோதனைகளையும்
கையோடு நீக்கியிருந்தது.
திட்டுவதற்கு எதிரில் ஒரு முகம் இல்லை.
கம்பெனி அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தது.

மறுநாள் எனக்குக் காய்ச்சல்.
ஜெலுத்தோங் கிளினிக்கில், எண் தரும் இயந்திரத்தின் முன்
எனக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பில் பிள்ளை.
அட்டையைச் செருகினாள். திரை நின்றது.
இந்தப் பெயர் சரி. நான்தான் சரியில்லை.

யாரும் பார்க்கப் போவதில்லை என்று
ஒரு விடியலில் நான் எழுதிய பிழைச்செய்தி.
அழிக்க மறந்தது. தமிழிலேயே இருந்தது.

பின்னால் நின்ற சீன அங்கிள்
என்ன போட்டிருக்கு என்று கேட்டார்.
மலாயில் சொன்னேன்.
மெஷின் மன்னிப்புக் கேட்டு இன்றைக்குத்தான் பார்க்கிறேன்
என்று சிரித்தார்.
அவள் சிரிக்கவில்லை. திரையை இரண்டு தட்டு தட்டினாள்.
தாதி எட்டிப் பார்த்து,
காகிதத் துண்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்தாள்:
பெயர், ஒரு கோடு, பெயர்.
மூன்று விநாடி.
எழுதியது நான்தான் என்று
நான் யாரிடமும் சொல்லவில்லை.

இரவு, பனடோல் போட்டுக்கொண்டு, சரிசெய்தேன்.
ஒரே வரி. இரண்டு கோடும் இனி ஒன்று.
சோதிக்க ஒரு பெயர் வேண்டும்.
தாதி உரக்கக் கூப்பிட்டது காதில் இருந்தது,
அவள் பெயர், அவள் அப்பா பெயர்.
பாதி தட்டிவிட்டு அழித்தேன்.
உலகம் முழுக்கப் படிக்கும் கோப்பு இது.
அவளை நான் கேட்கவில்லை.

மேலே ஏற்றிப் பார்த்தேன்.
ஒன்பது வருடத்தில் அறுபத்தோரு பெயர் சேர்ந்திருக்கிறது,
எல்லாம் இட்டுக்கட்டியவை.
என்னுடையது இல்லை.

அறுபத்திரண்டு:
இன்பவல்லி ஏ/பி சன்னாசி.
தேறியது.

அந்தத் திருத்தத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை.
வெள்ளிக்கு இரண்டு நாள் இருக்கிறது,
கிழமைக்கு.